எட்டு மெகாபிக்சலும் இரண்டு பென்சில் பேட்டரியும்

மலிவு விலைக் கேமராவை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அதை அதன் விலையுயர்ந்த அண்ணன்மார் பக்கத்தில் நிறுத்தித்தான் அளக்கின்றனர். அளந்து முடித்ததும், "இந்த விலைக்கு இது போதும்" என்று சலுகை காட்டுவது போல ஒரு வரி எழுதி ஒதுங்கிக்கொள்கின்றனர். அந்தப் 'போதும்' என்ற சொல்லைத்தான் நாம் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எதற்குப் போதும், யாருக்குப் போதும் என்று கேட்காமல் சொல்லப்படும் 'போதும்' ஒரு மதிப்பீடு ஆகாது. கவிதையை அளக்கும் கோலால் கடிதத்தை அளந்துவிட்டு, கடிதத்துக்கு இது பரவாயில்லை என்பதைப் போன்றது அது.

இப்போது இதைப் பேசக் காரணம் உண்டு. 2010-இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பகுதி சட்டைப் பையில் அடங்கும் சிறு கேமராக்கள். அதன் பிறகு கைப்பேசி வந்து அந்தச் சந்தையை விழுங்கியது. கேசியோ நிறுவனம் 2018-இல் சிறு கேமராத் தொழிலை விட்டு விலகியது. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவையே கைமாற்றிவிட்டது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்த வேளையில், அலமாரி மூலையில் கிடந்த அந்தக் கேமராக்களை இளைஞர்கள் தேடிப் பிடிக்கத் தொடங்கினர். கல்லூரியில் நம் மாணவர்களே, "ஐயா, வீட்டில் பழைய டிஜிட்டல் கேமரா இருக்கிறதா?" என்று கேட்கின்றனர். பழைய பொருள் விற்கும் இடங்களில் விலையும் ஏறிவிட்டது. ஏறிய விலைக்கு அவர்கள் வாங்குவது என்ன என்பதை யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு கேமராவை வைத்துக்கொள்வோம். கேனன் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ். 2008-இல் வந்தது. அந்த நிறுவனத்தின் சிக்கன வரிசையைச் சேர்ந்தது. 8 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், லென்ஸுக்குள்ளேயே கையதிர்வைத் தணிக்கும் ஏற்பாடு, கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சிறு துவாரம், இரண்டு பென்சில் பேட்டரி. பார்வைக்கு அழகில்லை. வலப்பக்கம் பேட்டரிக்காகப் புடைத்திருக்கும். சட்டைப் பையில் வைத்தால் பை தொங்கும்.

இதை வாங்கியவர் யார்? குழந்தையின் பிறந்தநாள், ஊர்த் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சுற்றுலா, இவற்றைப் படமெடுக்க விரும்பிய குடும்பத்தார். கையேட்டைப் படிக்காதவர்கள். அவர்களது படங்களில் முக்கால் பங்கு குழல்விளக்கு எரியும் அறைக்குள் எடுக்கப்பட்டவை. மதிப்பீடு அந்த அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வெயிலில் பூவைப் படமெடுத்துக் காட்டிப் புகழ்வதில் பொருளில்லை. வெயிலில் எந்தக் கேமராவும் நல்ல கேமராதான்.

முதலில் அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த அந்த எண். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதைப் பற்றிய மயக்கம் தீரவில்லை. நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட சுமார் 22 லட்சம் புள்ளிகள் போதும். அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். முழு எச்டி திரையில் இருப்பவை 21 லட்சம் புள்ளிகள். எட்டு மெகாபிக்சல் படத்தின் அகலம் 3264 புள்ளி. பதினொரு அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். அதற்கு மேல் எந்தக் குடும்பம் அச்சிட்டது? எட்டைப் பன்னிரண்டாக்கினால் விளம்பரத்தில் பாதிக்குப் பாதி கூடிவிட்டது போலத் தோன்றும். படத்தின் அகலத்தில் கூடுவதோ நூற்றுக்கு 22 பங்குதான்.

கூடியதற்கு விலை கொடுத்தது யார் என்பதும் முக்கியம். இந்தக் கேமராவின் சென்சார் ஏறத்தாழ 5.8 மில்லிமீட்டர் அகலமும் 4.3 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிது. பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டகம் இதைப்போல 35 மடங்கு பெரிது. இந்தச் சிறு நிலத்தில் எண்பது லட்சம் பேருக்கு மனை பிரித்தால் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. ஒன்றேகால் கோடிப் பேருக்குப் பிரித்தால் இன்னும் சுருங்கும். ஒவ்வொரு புள்ளியும் பிடிக்கும் ஒளி குறையும். குறைந்த ஒளியை மின்னணு முறையில் பெருக்கும்போது இருட்டுப் பகுதிகளில் வண்ணப் பொறிகள் எழும். அவற்றைக் கேமராவே தேய்த்து அழிக்க முயலும்போது பாட்டியின் முகச் சுருக்கங்களும் சேர்ந்து அழிந்து, முகம் மெழுகாகிவிடும். ஏ590 ஐஎஸ்ஸில் ஐஎஸ்ஓ 200 வரை கவலையில்லை. 400-இல் பொறிகள் தெரியத் தொடங்கும். 800-க்கு மேல் உள்ள எண்களை விளம்பரத்துக்காக வைத்தவை என்றே கொள்ளலாம்.

அப்படியானால் குழல்விளக்கு அறையில் என்ன செய்வது? ஜூமை இழுக்காமல் அருகில் செல்ல வேண்டும். இது கலையறிவுரை அன்று, வெறும் கணக்கு. ஜூம் இழுக்காத நிலையில் லென்ஸின் திறப்பு எஃப்2.6, முழுக்க இழுத்தால் எஃப்5.5. உள்ளே வரும் ஒளி நாலில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கூடத்தின் மறுமூலையில் நின்று ஜூமை இழுத்து மணமக்களைப் படமெடுத்த மாமாவின் படங்கள் எல்லாம் ஏன் மங்கலாயின என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அதிர்வுத் தணிப்பு நம் கை நடுக்கத்தைத்தான் தணிக்கும். ஓடும் குழந்தையை நிறுத்தி வைக்காது. இந்த வேறுபாட்டைக் கடையில் எவரும் சொன்னதில்லை.

அருகில் செல்வதிலும் ஒரு சங்கடம். இதன் பார்வை, பழைய அளவில் சொன்னால், 35 மில்லிமீட்டரில் தொடங்குகிறது. சிறிய கூடத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பத்தை அடக்க, படமெடுப்பவர் பின்னோக்கி நடந்து அடுப்படிக்குள் போக வேண்டியிருக்கும். இன்றைய கைப்பேசிகள் இதைவிட அகலமாகப் பார்க்கின்றன.

ஆனால் இந்தக் கேமராவுக்கு நாம் கொடுக்கும் முதல் மதிப்பெண் அதன் பேட்டரிக்குத்தான். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கின்றனர். அதே காலத்தில் வந்த மெல்லிய, பளபளப்பான கேமராக்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தட்டையான லித்தியம் பேட்டரியோடு வந்தன. அந்த பேட்டரி உப்பிப்போனபின் அதே அளவில் வேறொன்று தேட வேண்டும். கிடைப்பது போலியாகவும் இருக்கலாம். கேமராவில் ஒரு குறையுமில்லாமலே அது காகிதக்கட்டு ஆகிவிடுகிறது. பென்சில் பேட்டரியோ பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையிலும் உண்டு. மலிவுப் பொருளை மதிப்பிடும்போது அது எவற்றை நம்பி வாழ்கிறது என்று பார்ப்பதே முறை. ஒரே ஒரு தொழிற்சாலையை நம்பி வாழும் பொருள் மலிவாகக் கிடைத்தாலும் மலிவானதன்று.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் விலை குறைந்த துத்தநாக-கரி பேட்டரியைப் போட்டால் கேமரா சில படங்களிலேயே மூச்சு விட்டுவிடும். கேமராவுக்கு ஒரே நேரத்தில் மிகுந்த மின்னோட்டம் வேண்டும். அந்த பேட்டரியால் அதைத் தர இயலாது, அழுத்தம் சரிந்துவிடும். அல்கலைன் சற்று மேல். உண்மையில் பொருந்துவது மறுபடி மின்னேற்றக்கூடிய நிக்கல் வகைதான். அதன் அழுத்தம் 1.5-க்குப் பதில் 1.2 வோல்ட் என்றாலும் கேட்கும்போது கேட்ட அளவு கொடுக்கும். அல்கலைனைவிட இருமடங்குக்கு மேல் படமெடுக்கலாம். சும்மா கிடந்தாலும் எளிதில் வடிந்துபோகாத வகை 2005-இலேயே வந்துவிட்டது. "இந்தக் கேமரா பேட்டரியைத் தின்கிறது" என்று பலர் இதை ஒதுக்கியது தவறான தீனி போட்டதால் நேர்ந்த பழி.

ஃபிளாஷைப் பற்றி இவ்வளவு கனிவு காட்ட இயலாது. ஒருமுறை மின்னிய பின் மறுபடி தயாராகப் பல நொடிகள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் குழந்தை மெழுகுவத்தியை ஊதிவிட்டு கேக்கை வெட்டி முடித்திருக்கும். மூன்று மீட்டருக்கு அப்பால் அதன் வெளிச்சம் பயன்படாது. மேடையில் ஆடும் மகளை அரங்கின் கடைசி வரிசையிலிருந்து ஃபிளாஷ் அடித்து எடுப்பவர்கள் முன் வரிசைக்காரரின் பிடரியைத்தான் ஒளியூட்டுகின்றனர்.

கண் துவாரம் முழுச் சட்டகத்தையும் காட்டாது. என்றாலும் நண்பகலில் கோயில் வெளிப்பிரகாரத்தில் பின்புறத் திரையில் ஒன்றுமே தெரியாதபோது அதன் அருமை விளங்கும். திரையை அணைத்துவிட்டால் பேட்டரியும் மிஞ்சும்.

இந்த விலையில் எதிர்பாராத ஒன்று, ஒளித் திறப்பையும் நேரத்தையும் நாமே வைத்துக்கொள்ளும் முறைகள். சாதாரணப் பயனருக்கு இவை எதற்கு என்று அன்றைய விமர்சகர் சிலர் கேட்டனர். சாதாரணப் பயனர் எப்போதும் சாதாரணப் பயனராகவே இருந்துவிடுவார் என்று எண்ணுவது ஒருவகை மேட்டிமை. கல்வெட்டுப் பார்க்க மாணவர்களை அழைத்துப் போகும்போது இதைக் கண்டிருக்கிறோம். நேர் எதிரே ஃபிளாஷ் மின்னினால் எழுத்தின் பள்ளத்தில் இருக்கும் நிழல் அழிந்து கல் வெறும் கல்லாகிவிடும். ஃபிளாஷை நிறுத்தி, கேமராவை ஒரு கல்மேல் ஊன்றி, பக்கவாட்டிலிருந்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து ஒரு நொடி திறந்து வைத்தால் எழுத்து எழுந்து வரும். ஒரு நொடி திறந்து வைக்க நமக்கு உரிமை தந்த மலிவுக் கேமரா இது. அதே 2008-இல் பிறகு வந்த ஏ1000 ஐஎஸ்ஸில் மெகாபிக்சல் பத்தாயிற்று. இந்த முறைகள் போயின. எந்த எண் விற்பனைக்கு உதவும் என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை.

இப்போது மீண்டும் இளைஞர்களிடம் வருவோம். பழைய சிசிடி சென்சாருக்கு ஒரு தனி நிறம் உண்டு என்று அவர்கள் நம்புகின்றனர். நிறத்தைத் தீர்மானிப்பவை சென்சாரின் மேலுள்ள வண்ண வடிகட்டியும், கேமராவுக்குள் நடக்கும் கணக்கும், லென்ஸும். அவர்கள் விரும்பும் தோற்றத்தின் பெரும்பகுதி நேராக முகத்தில் அடிக்கும் ஃபிளாஷும், பின்னால் கருத்துப்போகும் அறையும்தான். அதை விரும்புவது அவர்கள் உரிமை. சிசிடி என்ற மூன்றெழுத்துக்கு இரட்டை விலை கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

புதிதாகவே வாங்க விரும்புவோர்க்கு அண்மைக் காலத்தில் விற்பனையாகும் கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்45 இருக்கிறது. கோடாக் என்பது பெயர் மட்டும். 2012-இல் திவால் மனு கொடுத்த அந்தப் பழைய நிறுவனம் இதைச் செய்யவில்லை, உரிமம் பெற்ற ஜேகே இமேஜிங் செய்விக்கிறது. இதிலும் இரண்டு பென்சில் பேட்டரி. பார்வை 27 மில்லிமீட்டரில் தொடங்குவதால் அடுப்படிக்குள் போக வேண்டியதில்லை. 16 மெகாபிக்சல். ஆனால் கண் துவாரம் இல்லை, லென்ஸின் அதிர்வுத் தணிப்பும் இல்லை. பதினைந்து ஆண்டுகளில் எண் இரட்டிப்பாகி, குழல்விளக்கு அறைக்கு உதவிய உறுப்பு கழன்றுவிட்டது.

இரவு வெளிச்சத்தில் ஓரளவு நல்ல கைப்பேசி இவை இரண்டையும் தோற்கடிக்கும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. அது ஒரே அழுத்தத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக இழைத்துத் தருகிறது. இவற்றால் அது ஆகாது. படம் மட்டுமே வேண்டுமென்றால் கைப்பேசி போதும். அழைப்பும் செய்தியும் குறுக்கிடாமல் பத்து வயதுப் பிள்ளை கையில் கொடுக்க ஒரு கருவி வேண்டுமென்றால் சிறு கேமரா.

பழையதை வாங்குவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். லென்ஸ் வெளியே வரும்போது அரைபடும் ஓசை கேட்டால் உள்ளே மணல் இருக்கிறது, வாங்க வேண்டாம். ஏ590 ஐஎஸ் போன்றவை 32 ஜிபி வரையுள்ள அட்டைகளுக்காகச் செய்யப்பட்டவை. இன்று கடைகளில் எளிதில் கிடைக்கும் 64, 128 ஜிபி அட்டைகளை நம்பி வாங்கக் கூடாது. இன்னும் பழைய ஏ60, ஏ70, ஏ75 ஆகியவற்றை வாங்குமுன் இருமுறை யோசிக்க வேண்டும். சோனி செய்த சில சிசிடி சென்சார்கள் வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் பழுதாவதாக 2005-இல் கேனன் உள்ளிட்ட பல நிறுவனங்கள் ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தந்தன. அன்று மாற்றப்படாதவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கலாம். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் வெப்பம், ஈரம் இரண்டும் புதிதல்ல.

கடைசியாக, உள்ளே இருக்கும் ஒரு சிறு வட்ட பேட்டரி. படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாளையும் நேரத்தையும் அதுதான் காக்கிறது. பல ஆண்டு கிடந்த கேமராவில் அது தீர்ந்திருக்கும். கேமரா ஏதோ ஒரு பழைய தேதியிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்தப் பொய்த் தேதியைப் பொறிக்கும். கணினியில் சேர்த்தால் நேற்றுப் பிறந்த பேரன், அவன் தந்தையின் பள்ளிக்கூடப் படங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வான். முப்பது ஆண்டு கழித்து அந்த அடுக்கைப் பிரிப்பவருக்கு யார் முன், யார் பின் என்று சொல்ல வீட்டில் ஆள் இருப்பார்களா? கேமரா கைக்கு வந்ததும் அந்த வட்ட பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்துவிட வேண்டும். படம் பிறகு எடுக்கலாம்.