கணேஷைக் காணோம், கண்டுபிடிச்சுத் தாங்க!

ஒரு டிடெக்டிவ் கதை படமா வந்தா போதும், அன்னைக்கு நைட்டே ஹாஸ்டல்ல ரெண்டு கட்சி ரெடியாகிடும். "புக்குல இப்படி இல்லவே இல்ல மச்சி"ங்கிறது ஒரு கட்சி. "புக்கை விடு, படம் போரடிக்குதா இல்லையா, அதைச் சொல்லு"ங்கிறது இன்னொரு கட்சி. நீங்க எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பேருமே முக்கியமான ஒரு கேள்வியைக் கேட்காம விட்டுடுறோம்னு எனக்குத் தோணுது. அந்த ஆள் யோசிக்கிறதைப் படம் நமக்குக் காட்டுச்சா? கூடவே நம்மளையும் யோசிக்க விட்டுச்சா?

முதல்ல புக் கட்சிக்கு வருவோம். ஷெர்லாக் ஹோம்ஸ்னு சொன்னதும் உங்க மனசுல வர்ற அந்த ரெண்டு பக்கமும் முனை வெச்ச தொப்பி, கானன் டாயில் பேர் சொல்லி எழுதினது இல்ல. கதைகளுக்குப் படம் போட்ட சிட்னி பேஜெட் வரைஞ்சது. வளைஞ்ச பைப், மேடையில ஹோம்ஸா நடிச்ச வில்லியம் ஜில்லெட் மூலமா பிரபலமானது. வாட்சனைப் பார்த்து ஹோம்ஸ் சொல்றதா எல்லாரும் மேற்கோள் காட்டுற அந்த ஃபேமஸ் டயலாக், அதே வடிவத்துல டாயில் கதை எதுலயும் கிடையாது. ஆக, 'ஒரிஜினல்'னு நாம பிடிச்சுட்டுத் தொங்குறதுல பாதி, ஏற்கெனவே யாரோ மாத்தினதுதான். "ஹோம்ஸ் எங்கேயாவது சண்டை போடுவாரா?"ன்னு கேட்கிறவங்களுக்கும் ஒரு தகவல்: டாயிலோட ஹோம்ஸுக்கு பாக்ஸிங் நல்லாவே தெரியும்.

அதனால, மிஷ்கினோட 'துப்பறிவாளன்' (2017) படத்துல ஹோம்ஸ் கணியன் பூங்குன்றனா மாறினதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. சங்கப் புலவர் பேரை விஷாலுக்கு வெச்சதே ரசனையான வேலை. ஒரு சின்னப் பையன், தன் நாயைக் கொன்னது யாருன்னு கேட்டு வர்றான். பெரிய பெரிய கேஸை எல்லாம் தட்டிக் கழிக்கிற ஆள், இதை எடுத்துக்கிறார். இன்னொரு பக்கம், மின்னல் தாக்கி அப்பாவும் மகனும் செத்துட்டாங்கன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்காங்க. யாருமே கண்டுக்காத சின்ன விஷயத்துல இருந்து பெரிய குற்றத்துக்குப் போற இந்த வழி இருக்கே, அது அசல் ஹோம்ஸ். படம் எனக்கு நழுவினது வேற இடத்துல. வில்லன் கூட்டத்தை நமக்கு முன்கூட்டியே காட்டிடுறாங்க. அதுக்கப்புறம் நமக்கு எல்லாம் தெரியும், ஹீரோவுக்குத்தான் தெரியாது. புதிர் அங்கேயே முடிஞ்சு, துரத்தல் ஆரம்பிக்குது. துரத்தலும் நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதைப் பார்க்க எனக்கு ஒரு துப்பறிவாளன் தேவைப்படல.

இப்போ நம்ம வீட்டுக் கேஸ். சுஜாதாவோட வக்கீல் கணேஷ், அவரோட ஜூனியர் வசந்த். சுஜாதாவே ஒரு இன்ஜினியர்; எம்.ஐ.டி.யில படிச்சு, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல வேலை பார்த்தவர். 1977-ல 'காயத்ரி' படமா வந்துச்சு. அதுல கணேஷ் ஜெய்சங்கர். ரஜினிகாந்த் வில்லத்தனமான கணவன். அடுத்த வருஷமே, 1978-ல, எஸ்.பி. முத்துராமன் இயக்கின 'ப்ரியா'வுல அதே ரஜினிதான் கணேஷ்! நாவலோட லண்டன், படத்துல சிங்கப்பூர் ஆச்சு. கணேஷுக்கு ஒரு காதலும் வந்துச்சு. இளையராஜா பாட்டெல்லாம் இன்னைக்கும் ஓடிட்டு இருக்கு.

லண்டன் சிங்கப்பூரானதுல தப்பே இல்ல. கணேஷ்தான் காணாமப் போயிட்டார். எங்க ராயகிரிப் பக்கம் பெரியவங்ககிட்ட 'ப்ரியா'வைப் பத்திக் கேட்டுப் பாருங்க. "அது ரஜினி படம்லா!"ன்னு உடனே பதில் வரும். "கணேஷ் எப்படி இருந்தார்?"னு கேட்டா, "எந்த கணேஷ்?"னு திருப்பிக் கேட்பாங்க. நாவல்ல கணேஷ் அளந்து பேசுற ஆள். வசந்த் வாயை மூட மாட்டான். ஆனா அவன் கிண்டலா கேட்கிற கேள்விக்குள்ளேயே சில சமயம் விடை ஒளிஞ்சிருக்கும். அவங்க பேசப் பேச, பக்கத்துல உட்கார்ந்து நாமும் கணக்குப் போடுவோம். ஸ்டாரை மட்டும் பார்த்துட்டு இருந்தா அந்தக் கணக்கு நடக்காது.

ஸ்டார் நடிச்சாலே இப்படித்தான் ஆகும்னு முடிவு கட்டிடாதீங்க. வங்காளத்துல சத்யஜித் ரே தன்னோட ஃபெலுடா கதையைத் தானே 'சோனார் கெல்லா'ன்னு 1974-ல எடுத்தார். சௌமித்ர சாட்டர்ஜி அங்கே எவ்வளவு பெரிய நடிகர்! ஆனாலும் திரையில நின்னது ஃபெலுடாதான். ஃபெலுடாவோட எழுத்தாள நண்பர் ஜடாயுவா சந்தோஷ் தத்தா அப்படியே பொருந்திட்டார். அதுக்கப்புறம் வந்த கதைகளுக்கு ரே படம் வரைஞ்சப்போ ஜடாயுவுக்கு தத்தாவோட சாயலையே கொடுத்துட்டார். சினிமா புக்கை மாத்தினதுக்கு இதைவிட அழகான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதுல நமக்கு என்னன்னு கேட்கிறீங்களா? என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆட்களுக்கு டிடெக்டிவ்னாலே பேக்கர் ஸ்ட்ரீட்தான், கம்பர்பேட்ச் முகம்தான். தமிழ்ல ஒரு கணேஷ்-வசந்த் இருக்காங்கன்னே நம்ம கிளாஸ்ல எத்தனை பேருக்குத் தெரியும்? நாளைக்கே யாராவது அவங்களை வெப் சீரிஸா எடுத்தா, அந்த முகங்கள்தான் நமக்குக் கணேஷும் வசந்தும். நல்லா இருக்கா, சொதப்பிட்டாங்களான்னு சொல்றதுக்குக் கையில ஒரு அளவுகோல் வேணாமா?

அதனால ஒரே ஒரு ரிக்வெஸ்ட். இந்த செமஸ்டர் லீவுல ஒரு கணேஷ்-வசந்த் நாவல் படிங்க. கடைசி அத்தியாயத்துக்கு முன்னாடி மூடி வெச்சுட்டு, குற்றவாளி யாருன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அப்புறமா 'ப்ரியா'வையோ 'துப்பறிவாளன்'ஐயோ போட்டு, எந்த இடத்துல உங்களை யோசிக்க விட்டாங்க, எந்த இடத்துல விடலைன்னு குறிச்சு வைங்க. அந்த லிஸ்ட்டோட வந்து என்கூடச் சண்டை போடுங்க. நான் தயாரா இருக்கேன்.