நோட்டீஸ் சம்பளம் கொடுத்துவிட்டால் ஆச்சா?

எங்கள் பாடாங் செராய் பக்கம் காப்பிக் கடையில் உட்கார்ந்து வேலை நீக்கத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தால் எல்லாரும் ஒரே சட்டத்தைத்தான் சொல்வார்கள். “ஒரு மாச நோட்டீஸ் கொடுத்தா பாஸ் யாரை வேணும்னாலும் அனுப்பலாம். நாமளும் நோட்டீஸ் கொடுத்துட்டுத்தானே வேலையை விடுறோம்?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கூலிம் ஹை-டெக் பார்க்கில் வேலை செய்யும் பிள்ளைகள் முதல் பினாங்கில் அலுவலக வேலை பார்க்கும் பட்டதாரிகள் வரை இதையே நம்புகிறார்கள். சில எச்.ஆர். அதிகாரிகளும் இதையே சொல்லி அனுப்புகிறார்கள்.

ஆனால் நம் நாட்டுச் சட்டம் அப்படி இல்லை. 1981-இல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழக்குத் தொடுத்தவர் கூன் குவீ போய், ஜே அண்ட் பி கோட்ஸ் என்ற நிறுவனத்தின் ஊழியர். கோட்ஸ் என்றால் தையல் நூல். வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்த பாட்டிகளுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ‘ஒப்பந்தத்தில் நோட்டீஸ் என்று இருக்கிறது, அதன்படி கொடுத்தோம், முடிந்தது’ என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. நோட்டீஸ் கொடுத்து அனுப்பினாலும் சரி, அன்றைக்கே வெளியே போகச் சொன்னாலும் சரி, வேலை போனது போனதுதான். ஆகவே முதலாளி சொல்லும் காரணம் உண்மையா, அது நியாயமான காரணமா என்று தொழிலியல் நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். தீர்ப்பு எழுதியவர் அப்போது மலாயாவின் தலைமை நீதிபதியாக இருந்த ராஜா அஸ்லான் ஷா. பிறகு பேராக் சுல்தானாகி, 1989 முதல் 1994 வரை மாமன்னராகவும் இருந்தவர்.

அதாவது, நாம் வேலையை விட்டுப் போக நோட்டீஸ் மட்டும் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் நம்மை அனுப்ப நோட்டீஸோடு காரணமும் வேண்டும். ‘இதென்ன ஒருதலைப்பட்சம்’ என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டார். ஓர் ஆள் போனால் நிறுவனம் வேறு ஆளைத் தேடிக்கொள்ளும். வேலை போன வீட்டில் கார் தவணையும் பிள்ளையின் பள்ளிக்கூட பஸ் கட்டணமும் அடுத்த மாதமே நிற்கும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விடியற்காலைப் பெரட்டில் கிராணி உன் பெயரைக் கூப்பிடவில்லை என்றால், வேலையோடு லயத்து வீடும் போயிற்று. காரணம் கேட்கத் துரை பங்களா வாசலில் நிற்க வேண்டும். கேட்ட காரணத்துக்காகவே மொத்தக் குடும்பமும் சாமான் கட்டிய கதைகள் நம் தாத்தா பாட்டியிடம் உண்டு. 1967 தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு அந்தக் கேள்வியை நம் கையில் கொடுத்தது. நாம்தான் அதைக் கேட்காமல் இருக்கிறோம்.

போன மாதம் என் நிகழ்ச்சிக்குப் பாடாங் செராயிலிருந்து ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். தொழிற்சாலையில் 7 ஆண்டு வேலை, மாதம் 2,000 வெள்ளி. ஒருநாள் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, ஆர்டர் குறைந்துவிட்டது என்று சொல்லி, தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளமும் நல்ல சான்றிதழும். போடாவிட்டால் நீக்கம், ‘ரெக்கார்டு கெட்டுப்போகும்’. அவர் போட்டுவிட்டார். “அக்கா, நானே கையெழுத்துப் போட்டுட்டேனே, இனிமே என்ன செய்யிறது?” என்று கேட்டார். அன்றைக்கு 52-ஆவது நாள்.

அந்த ஒரு கையெழுத்தில் என்ன போயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆர்டர் குறைந்ததால் ஆளைக் குறைப்பது ஆள்குறைப்பு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஆள்குறைப்பு என்றால் 5 ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்கு 8 வாரத்துக்குக் குறையாத நோட்டீஸ் தர வேண்டும். 1980-இல் வந்த விதிகளின்படி ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 20 நாள் சம்பளம் இழப்பீடு. 7 ஆண்டுக்கு 140 நாள். 2,000 வெள்ளிச் சம்பளத்துக்கு இது ஏறக்குறைய 9,200 வெள்ளி. (மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களுக்கு இந்த விதி பொருந்தாது; அவர்கள் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.) சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் வேறு இருக்கிறது. வேலை இழந்தவருக்கு முதல் மாதம் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறைத்து 6 மாதம் வரை உதவித்தொகை. அதற்குத்தானே மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்? தானாக ராஜினாமா செய்தவருக்கு இதில் எதுவும் இல்லை. ராஜினாமாக் கடிதத்தை அவ்வளவு அக்கறையாகத் தயார் செய்து வைப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

‘நீயாகப் போ, இல்லையென்றால் அனுப்பிவிடுவோம்’ என்று மிரட்டி வாங்கிய ராஜினாமாவைச் சட்டம் பணிநீக்கமாகவே பார்க்கிறது. ஆனால் மிரட்டினார்கள் என்பதைக் காட்ட வேண்டியது நாம். காகிதத்தில் நம் கையெழுத்து இருக்கும், அறைக்குள் நடந்த பேச்சுக்குச் சாட்சி இருக்காது. அதனால் அந்த மேசையில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு வர்றேன்.” ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், அன்று நடந்ததை அன்றைக்கே தேதியோடு எழுதி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அதுவும் ஒரு சாட்சிதான்.

சரி, எங்கே போவது? நம் ஆட்கள் குழம்பும் இடம் இது. சம்பள பாக்கி, ஓவர்டைம், ஆள்குறைப்பு இழப்பீடு இவற்றுக்கு ஜபாத்தான் தெனாகா கெர்ஜா. வேலை நீக்கமே நியாயமில்லை என்றால் ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹான். இரண்டும் மனிதவள அமைச்சின் கீழ்தான், ஆனால் வேறு வேறு அலுவலகம். இரண்டாவது இடத்தில் வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். கட்டணம் கிடையாது. ‘மேலிடத்துக்கு அப்பீல் போட்டிருக்கேன், பதில் வரட்டும்’ என்று காத்திருந்தால் அந்த நாட்களும் 60-இல்தான் சேரும். கெடாவில் வெள்ளி, சனி அரசாங்க அலுவலகங்கள் மூடியிருக்கும், பெருநாள் விடுமுறையும் வரும் என்பதால் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மனுவில் ‘வேலையில் மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்’ என்றே கேளுங்கள். மறுபடியும் அந்த வாசலை மிதிக்க மனமில்லாவிட்டாலும் சட்டத்தின் பாதை அதுதான். பணம் பற்றிய பேச்சு பிறகு வரும். சொக்சோ உதவிக்கும் 60 நாள் கெடு உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மனு கொடுத்த பிறகு இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். இந்தச் சமரசப் பேச்சில் வழக்கறிஞர் வாதாட முடியாது, அவர்களுக்கும் முடியாது. சமரசம் ஆகவில்லை என்றால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பு அதற்கு அமைச்சர் மனசு வைக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் அந்த வடிகட்டி இல்லை, நேராகவே போகிறது. சம்பள வரம்பும் இல்லை. 1,700 வெள்ளி வாங்கும் ஆபரேட்டரும் 17,000 வாங்கும் மேனேஜரும் இதே வாசலில்தான் நிற்க வேண்டும். தகுதிகாண் காலத்தில் இருப்பவரும் வரலாம். அரசாங்க ஊழியர்களுக்கு மட்டும் இந்தப் பிரிவு பொருந்தாது, அவர்களுக்கு வேறு வழி.

‘நான் கான்ட்ராக்ட்தானே’ என்று ஒதுங்கும் இளைஞர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 2020-இல் ஏய்ம்ஸ் சைபர்ஜெயா என்ற நிறுவனத்தின் வழக்கில், திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே போன ஒப்பந்தத்தைக் கூட்டரசு நீதிமன்றம் நிரந்தர வேலையாகவே எடுத்துக்கொண்டது. தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதோடு நிற்காமல், உண்மையில் நடந்தது என்ன என்று பார்த்தது.

கோர்ட்டுக்குப் போனால் லட்சம் லட்சமாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெயித்தால் பின்சம்பளம் அதிகபட்சம் 24 மாதம், தகுதிகாண் காலத்தவருக்கு 12 மாதம். இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததை அதில் கழிக்கலாம். வேலையே திரும்பக் கிடைப்பது அபூர்வம். அதற்குப் பதிலாக வழக்கமாக ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று இழப்பீடு தருவார்கள். உண்மையிலேயே தப்பு செய்தவருக்கு இந்தச் சட்டம் கேடயமும் இல்லை. நிறுவனம் விசாரணை நடத்தாமல் அனுப்பியிருந்தாலும், தொழிலியல் நீதிமன்றத்தில் அந்தத் தப்பை நிரூபித்தால் நீக்கம் நிற்கும்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். நம் வீடுகளில் வேலை போனால் முதலில் வருவது வெட்கம். ‘நானே விட்டுட்டேன்’ என்று பக்கத்து வீட்டிலும் கோயிலிலும் சொல்லிச் சொல்லியே முதல் மாதம் ஓடிவிடுகிறது. அந்தத் தங்கையும் மாமியாரிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். 54-ஆவது நாள் கணவரோடு போய் மனு கொடுத்துவிட்டார். சமரசப் பேச்சுக்கு இன்னும் தேதி வரவில்லை.

அவரிடம் இல்லாமல் போனது ஆதாரங்கள். சம்பளச் சீட்டு எல்லாம் நிறுவனத்தின் செயலியில் இருந்தது. மேற்பார்வையாளர் அனுப்பிய செய்திகள் வேலை இடத்து வாட்ஸ்அப் குழுவில் இருந்தன. இரண்டிலிருந்தும் அன்று மாலையே அவரை நீக்கிவிட்டார்கள். வேலை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பாராட்டுக் கடிதம், எச்சரிக்கைக் கடிதம் எல்லாவற்றையும் படம் பிடித்து, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். இந்த வார இறுதியில் அரை மணி நேரம் போதும்.