மூட்டு மாற்றிய மூன்றாம் மாதம்

"மூட்டையே மாத்தியாச்சு, இன்னும் என்னா வலி?" மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களை எங்கள் குப்பத்தில் இப்படிக் கேட்காதவர்கள் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணி கேட்கிறார். நண்டு எடை போடும் தம்பி கேட்கிறான். எனக்கு ஆபரேஷன் நடந்த இடத்திலும் அதையேதான் கேட்டார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா உட்கார்ந்திருக்கு, போய் நடங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் தெரியாத வலி மனசில் இருக்கும் வலி என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்மேட்டில் எங்கள் குப்பம். நண்டும் கருவாடும் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தேன். இப்போது மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். வயது 61. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வைத்துத்தான் சென்னையில் வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். அந்தத் திட்டம் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் இந்த ஆபரேஷனை நினைத்தே பார்த்திருக்க முடியாது. எலும்போடு எலும்பு உரசி, படி இறங்கும்போது உயிர் போகிற பழைய வலி இப்போது இல்லை. அதற்கு நன்றி சொல்கிறேன். ஆனால் வருடம் திரும்பியும் வேறு ஒரு வலி விடவில்லை. தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துக் கிடக்கிறது. அதையொட்டி ராத்திரியில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிகிறது. சேலை உரசினாலே சுள்ளென்று ஏறுகிறது.

இது எனக்கு மட்டும் வந்த விதி இல்லை. பிரிட்டன் ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்குப் பத்து பேர் முதல் 34 பேர் வரை வலியோடு நாளைக் கடத்துகிறார்கள் என்று அதில் கண்டார்கள். ஐந்தில் ஒருவர் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதும் இந்தக் கணக்கை ஒட்டித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய பதினோராம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் தாண்டியும் நிற்கும் வலிக்கு அதில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். உலகம் நோய் என்று எழுதி வைத்ததை எங்கள் ஊரில் சோம்பேறித்தனம் என்கிறார்கள்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் இந்த ஆபரேஷன் பெரிய மனிதர்களுக்கானது. 2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாய் மும்பையில் இடது முழங்கால் மூட்டையும், அடுத்த வருடம் ஜூனில் வலது மூட்டையும் மாற்றிக்கொண்டபோதுதான் நாட்டில் பலர் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு கட்டியது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண வகைச் செயற்கை மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. காப்பீடும் சேர்ந்ததால் ஆபரேஷன் குப்பம் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வேண்டிய கவனிப்பு இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் முட்டி எப்படித் தேய்கிறது என்று ஏலத் தளத்தில் ஒரு காலை நின்று பார்த்தால் புரியும். ஈர சிமென்ட் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து இறாலைத் தரம் பிரிக்கிறோம். வலையில் சிக்கிய நண்டைக் கழற்றி, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, அப்படியே அடுத்த குவியலுக்கு நகர்கிறோம். எழுந்து நகர நேரமிருக்காது. ஐஸ் போட்ட கூடையைத் தலைக்கு ஏற்றும்போது முழு பாரமும் மடக்கிய முட்டியில் இறங்குகிறது. இருளர் பெண்கள் பாடு இன்னும் மோசம். சேற்றுத் தண்ணீரில் மண்டியிட்டு, ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களில் மூட்டு மாற்றிக்கொண்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வலியோடேயே தண்ணீரில் இறங்குகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். சம்மணம் போடக் கூடாது, குத்தவைக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சமதரையில் நடக்க வேண்டும், மேற்கத்திய கழிப்பறை பயன்படுத்த வேண்டும். நல்ல அறிவுரைதான். செயற்கை மூட்டில் பெரும்பாலானவை முழுக்க மடங்கி உட்காரத் தோதானவை அல்ல என்பதும் தெரிகிறது. ஆனால் குப்பத்தில் சமதரை எங்கே இருக்கிறது? வாசலை விட்டு இறங்கினால் மணல். மணலில் நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டி பக்கவாட்டில் இழுபடும். வீட்டுக்குப் பாடு வரும் நாளில், அதாவது ஏரியில் எங்கள் முறைக்கு வலை கட்டும் நாளில், பெண்பிள்ளை உட்கார்ந்திருக்க முடியாது. அந்த நாளை விட்டால் முறை சுற்றி வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். நீ என்ன வேலை செய்கிறாய், எப்படி உட்கார்ந்து செய்கிறாய், எந்தத் தரையில் நடக்கிறாய் என்று கத்தி வைப்பதற்கு முன் யாராவது கேட்டிருந்தால் அந்தத் தாளை வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

வலியையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும். "வலி இருக்கா, இல்லையா" என்று கேட்டால் போதாது. உட்கார்ந்து எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது வலித்தால் பொருத்திய மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் திடீரென்று மடங்கி நழுவினால் தசைநார் தளர்ச்சியைத் தேட வேண்டும். படியேறும்போது முன்பக்கம் வலித்தால் முட்டிச் சில்லு காரணமாக இருக்கலாம். ராத்திரி பகல் இல்லாமல் குடைந்தால், வீங்கிச் சிவந்தால், காய்ச்சல் அடித்தால் கிருமி தொற்றியிருக்கலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சில பேருக்கு வலி முட்டியிலிருந்தே வருவதில்லை. இடுப்பு மூட்டிலிருந்தோ முதுகுத்தண்டிலிருந்தோ இறங்கி வருகிறது. என்னைப் போல எரிச்சலும் மரப்பும் சேர்ந்திருந்தால் அது நரம்பு வலி. தோலைக் கீறும்போது முட்டியின் முன்பக்கத் தோலுக்குப் போகும் சின்ன நரம்புக் கிளை அறுபடுவது இந்த ஆபரேஷனில் சகஜம். அது டாக்டரின் பிழை இல்லை. பெரும்பாலோருக்கு வெறும் மரப்போடு போய்விடும், சிலருக்கு எரிச்சலாக நின்றுவிடும். இதை ஒரு வலி சிகிச்சைப் பிரிவில் டாக்டரம்மா ஒருவர் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து எனக்குச் சொன்னார். அன்றைக்குத்தான் நான் பொய் சொல்லவில்லை என்று என் வீட்டில் நம்பினார்கள்.

நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது. அதற்கென்று வேறு மருந்துகள் உண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் இங்கே நடப்பது என்ன? மெடிக்கல் கடையில் பேர்கூடச் சொல்லாமல் "வலி மாத்திரை ரெண்டு கொடு" என்று வாங்கி, டீ குடித்த கையோடு விழுங்கிவிட்டுக் கூடையைத் தூக்குகிறோம். பிளட் பிரஷரும் சுகரும் உள்ள உடம்பில் இப்படி மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெட்டுப்போகும். அக்கா தங்கைகளே, இதை மட்டும் நிறுத்துங்கள். இன்னொன்று: ஏரியில் சிப்பி கீறினாலும் கெளுத்தி முள் குத்தினாலும் நாம் கண்டுகொள்வதில்லை. மூட்டு மாற்றியவர்களுக்கு அந்தக் காயம் சீழ் பிடித்தால் கிருமி ரத்தத்தோடு போய்ச் செயற்கை மூட்டில் தங்கிவிடக்கூடும். காலில் செருப்போ பூட்ஸோ இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். காயம் பட்டால் அன்றைக்கே காட்டுங்கள். "திரும்ப ஆபரேஷன் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், வலிக்குக் காரணம் என்ன என்று முதலில் கேளுங்கள். காரணம் தெரியாமல் திரும்பத் திறந்த முட்டிகள் பெரும்பாலும் சுகப்படுவதில்லை.

எனக்கு இப்போது பரவாயில்லை. வலி போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. ராத்திரி ஒரு மாத்திரை, தொடைச் சதைக்குப் பயிற்சி, தழும்பைத் துணியாலும் விரலாலும் நீவிப் பழக்குவது, ஏலத் தளத்தில் குத்தவைக்காமல் உயரமான முக்காலியில் உட்காருவது. முக்காலியைப் பார்த்து ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், இப்போது இன்னும் சிலர் கொண்டு வருகிறார்கள். பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் வீடு தேடி வருவது பெரிய காரியம். ஆனால் பல ஊர்களைச் சுற்றி வருகிறவர் அவர். எங்கள் தெருவுக்கு எப்போதாவதுதான் வர முடிகிறது.

பிரிட்டனில் மூட்டு மாற்றி மூன்று மாதம் ஆனவர்களில் வலி நிற்காதவர்களைத் தேடிப் பிடித்து, ஒரு முறை முழுசாகச் சோதித்து, தேவைப்பட்டவர்களை உரிய டாக்டரிடம் அனுப்பி, பிறகு போனில் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். இப்படிக் கவனித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் மற்றவர்களைவிட வலி குறைந்திருந்தது என்று 2022இல் அந்த ஆய்வின் முடிவு வந்தது. புது மெஷினோ விலை கூடிய மருந்தோ அதில் இல்லை. உரிய நேரத்தில் கேட்டார்கள், அவ்வளவுதான்.

அதை இங்கேயும் செய்யலாம். காப்பீட்டில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒவ்வொருவருடைய போன் நம்பரும் அரசிடம் இருக்கிறது. மூன்றாம் மாதம் ஒரு அழைப்பு போதும். போனில் பிடிபடாதவர்களை, மாதா மாதம் சுகர் மாத்திரை கொடுக்க வரும் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டிலேயே கேட்கலாம்: எப்போது வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, தூக்கம் வருகிறதா, எவ்வளவு மாத்திரை போடுகிறீர்கள். வலி என்று சொல்பவர்களை வலி சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கே சுமார் 20 கிலோமீட்டர், சென்னை சுமார் 60. போய் வந்தால் ஒரு நாள் பிழைப்பு போகிறது. அதனால் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது இயன்முறை மருத்துவர் உட்கார வேண்டும். அந்த நேரத்தை மத்தியானத்துக்கு மேல் வையுங்கள். காலையில் ஏலம் இருக்கிறது, எங்களால் வர முடியாது.