உறைந்தால் சாலை, உடைந்தால் வெள்ளம்! பாலத்துக்குக் காத்திருக்கும் லீனா நதிக்கரை

ஓர் ஊருக்கு ரெயில் வந்துவிட்டது. ஆனால் ரெயிலில் வந்து இறங்கியவர் நேராக ஊருக்குள் போக முடியவில்லை! ஏன்? நடுவே ஓர் ஆறு. ஆற்றுக்குப் பாலம் இல்லை.

இது ஏதோ பட்டிக்காட்டின் கதை அல்ல. மூன்று லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வாழும் பெரிய நகரத்தின் கதை. நகரத்தின் பெயர் யாகுட்ஸ்க். ரஷியாவின் வடகிழக்கே, சைபீரியாவில் இருக்கிறது. ஆற்றின் பெயர் லீனா.

பெயரைக் கேட்டால் பெண் குழந்தையின் பெயர்போல இருக்கிறது. ஆற்றின் குணமோ வேறு!

ஏரிக்குப் பக்கத்தில் பிறந்தும்...

உலகத்திலேயே ஆழமான ஏரி பைக்கால். அதன் மேற்குக் கரையில் மலைகள் இருக்கின்றன. அந்த மலையில், ஏரியிலிருந்து ஏறக்குறைய 10 கிலோ மீட்டர் தூரத்தில், லீனா பிறக்கிறது. இவ்வளவு பக்கத்தில் பிறந்தும் பைக்கால் ஏரியில் விழுவதில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்த் திசையில் கிளம்பிவிடுகிறது.

பிறகு ஒரே ஓட்டம்தான். விட்டிம், ஒலியோக்மா, அல்தான், வில்யூய் என்ற பெரிய ஆறுகள் வழியில் வந்து சேருகின்றன. சுமார் 4,300 கிலோ மீட்டர் ஓடி, வடதுருவக் கடலில் போய் விழுகிறது. லீனாவுக்குத் தண்ணீர் தரும் நிலப்பரப்பு சுமார் 25 லட்சம் சதுர கிலோ மீட்டர். நம் இந்தியாவில் முக்கால் பங்கு!

இந்த நதி ஓடும் யாகுட்டியா மாநிலம் இந்தியாவைவிடக் கொஞ்சம்தான் சிறியது. அங்கே உள்ள ஜனத்தொகை எவ்வளவு தெரியுமா? சுமார் 10 லட்சம் பேர். அவ்வளவுதான். அடர்ந்த காடு, சதுப்பு நிலம், மலை, மறுபடியும் காடு. ஊருக்கும் ஊருக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர். அதனால் ஆறுதான் அங்கே ராஜபாட்டை. லீனாவின் குறுக்கே ஓர் அணைகூடக் கட்டப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கிளை நதிகளில் அணை உண்டு. தாய் நதியில் கிடையாது.

ஐஸ் பெட்டிக்குள் ஒரு நகரம்

தண்ணீர் 0 டிகிரியில் உறைந்துவிடும். வீட்டு ஐஸ் பெட்டியில் ஐஸ் கட்டி வைக்கும் அறையின் குளிர், 0-க்குக் கீழே 18 டிகிரி. யாகுட்ஸ்க் நகரத்தில் ஜனவரி மாதம் 0-க்குக் கீழே 40 டிகிரி என்பது சாதாரணம். 60-க்கும் கீழே போனதுண்டு! சந்தையில் மீன்களைத் திறந்த வெளியிலேயே விறகுக் கட்டைபோல நிறுத்தி வைத்து விற்கிறார்கள். கெட்டுப்போகுமே என்ற கவலை இல்லை.

கிராமத்து ஜனங்கள் குடிதண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்? குளிர்காலத் தொடக்கத்தில் ஆற்றையும் ஏரியையும் ரம்பத்தால் அறுக்கிறார்கள்! பாளம் பாளமாக ஐஸ் கட்டிகளை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கி வைக்கிறார்கள். வேண்டும்போது ஒரு துண்டை உள்ளே எடுத்து வந்து உருக்கிக் குடிக்கிறார்கள்.

ஆறு மட்டுமா உறைகிறது? மண்ணும் உறைந்து கிடக்கிறது. 1828-ம் ஆண்டு ஷெர்கின் என்ற வியாபாரி அந்த ஊரில் கிணறு வெட்டத் தொடங்கினார். உறைந்த மண்ணைத் தாண்டிவிட்டால் தண்ணீர் கிடைக்கும் என்பது அவருடைய எண்ணம். 1837 வரை வெட்டினார். 116 மீட்டர் ஆழம் போயிற்று. தண்ணீர் வரவில்லை, உறைந்த மண்தான் வந்தது! ஆனால் அந்தப் பாழுங்கிணறு விஞ்ஞானிகளுக்குப் புதையலாக அமைந்தது. பூமிக்குள் குளிர் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை அதில் இறங்கித்தான் அளந்து பார்த்தார்கள்.

இங்கே கட்டிடங்களைத் தரையில் உட்கார்த்தி வைப்பதில்லை. தூண்கள்மேல் நிறுத்துகிறார்கள். வீட்டின் சூடு மண்ணில் பட்டால் மண் இளகும், வீடு சாயும்.

நான்கு விதமான பயணம்

யாகுட்ஸ்க் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. ரெயில் நிலையம் கிழக்குக் கரையில், நிஷ்னி பெஸ்டியாக் என்ற ஊரில் இருக்கிறது. தெற்கேயிருந்து வரும் நெடுஞ்சாலையும் அந்தக் கரையிலேயே நின்றுவிடுகிறது. 2011-ல் தண்டவாளம் அங்கே வந்து சேர்ந்தது. 2019 முதல் பயணிகள் ரெயிலும் வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை. 1632-ம் ஆண்டு ருஷிய வீரர்கள் இங்கே முதலில் கோட்டை கட்டியது கிழக்குக் கரையில்தான்! பத்து ஆண்டுகள் கழித்து மேற்குக் கரைக்கு மாற்றினார்கள். அன்று மாற்றாமல் இருந்திருந்தால் இன்று நகர மக்கள் வீட்டு வாசலில் ரெயில் ஏறியிருப்பார்கள்.

கோடையில் பெரிய படகுகள் ஓடுகின்றன. கார், லாரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குளிர்காலத்தில் படகு வேண்டாம். ஆறே சாலை ஆகிவிடும். முதலில் சிறிய கார்களை மட்டும் விடுவார்கள். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க எடை வரம்பைக் கூட்டுவார்கள். நல்ல குளிரில் 20, 30 டன் லாரிகளும் ஆற்றின்மேல் ஓடும்!

கஷ்டம் எப்போது? இரண்டு பருவத்துக்கும் நடுவில். இலையுதிர் காலத்தில் படகு ஓட முடியாதபடி ஐஸ் துண்டுகள் மிதந்து வரும். ஆனால் வண்டி ஓட்டும் அளவுக்குத் தடிப்பு இருக்காது. வசந்தத்தில் பனிச்சாலை மூடப்படும். படகு இன்னும் தொடங்கியிருக்காது. இப்படி ஆண்டுக்கு இரு முறை, வாரக்கணக்கில் கரைகள் இரண்டும் பிரிந்துவிடும். அப்போது காற்று மெத்தையில் மிதக்கும் படகு அல்லது ஹெலிகாப்டர்தான். அதற்குக் கட்டணம் அதிகம். சரக்கு வரத்துக் குறைந்தால் கடையில் விலை ஏறும். அவசரக்காரர்கள் தடையை மீறிக் காரை ஆற்றில் இறக்குவதும், ஐஸ் பிளந்து கார் மூழ்குவதும் உண்டு.

குண்டு வீசிய விமானங்கள்!

லீனா தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதுதான் தொல்லை. மே மாதம் தெற்கே பனி உருகி வெள்ளம் கிளம்பிவிடும். வடக்கே ஆறு இன்னும் இறுகிக் கிடக்கும். அதாவது, ஆற்றின் தலையில் சித்திரை. காலில் இன்னும் மார்கழி! உடைந்து வரும் ஐஸ் பாளங்கள் உடையாத இடத்தில் போய் முட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அணைபோல அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் தண்ணீர் எங்கே போகும்? ஊருக்குள் போகும். மண் உறைந்து கிடப்பதால் அது தண்ணீரைக் குடிப்பதும் இல்லை. ஓர் ஆண்டில் இந்த நதியில் ஓடும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜூன் என்ற ஒரே மாதத்தில் ஓடிவிடுகிறது.

2001-ம் ஆண்டு மே மாதம் லென்ஸ்க் என்ற ஊரில் இதுதான் நடந்தது. சுமார் 25,000 பேர் வாழ்ந்த ஊர். ஆற்றில் ஐஸ் அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறியது. ராணுவ விமானங்கள் பறந்து வந்து ஐஸ் அணைமேல் குண்டு வீசின. அப்படியும் ஊர் தப்பவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகள் நாசமாயின. அடுத்த குளிர் வருவதற்குள் வீடு கட்டிக் கொடுத்தாக வேண்டும்; அந்தக் குளிரில் கூடாரத்தில் யார் இருக்க முடியும்? அவசர அவசரமாகக் கட்டினார்கள்.

இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் முன்னேற்பாடு நடக்கிறது. ஆபத்தான இடங்களில் ஐஸை முன்கூட்டியே அறுத்து வைக்கிறார்கள். கறுப்புப் பொடியைத் தூவுகிறார்கள். கறுப்பு வெயிலை இழுக்கும். ஐஸ் சீக்கிரம் இளகும். எளிய யுக்தி.

பாலம் எங்கே?

பாலம் வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் காரியம் கைகூடும்போலத் தோன்றியது. அந்த நேரத்தில், 2014-ல், ரஷியா கிரீமியாவைக் கைப்பற்றியது. அங்கே போக, கடலின் குறுக்கே 19 கிலோ மீட்டர் நீளப் பாலம் உடனே தேவைப்பட்டது. லீனா பாலம் தள்ளிப்போடப்பட்டது. கிரீமியா பாலம் 2018-லேயே திறக்கப்பட்டுவிட்டது.

யாகுட்டியா ஏழை பூமி அல்ல. வைரம், தங்கம், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாம் அங்கே விளைகின்றன. 2019 டிசம்பர் முதல் யாகுட்டியாவின் எரிவாயு குழாய் வழியாகச் சீனாவுக்குப் போகிறது. அந்தக் குழாய் லீனாவைக் கடக்கத்தான் செய்கிறது, ஆற்றின் அடியில் புதைத்த வழியாக! எரிவாயு ஆண்டு முழுவதும் தடையில்லாமல் அக்கரை போகிறது. மனிதன் ஐஸ் தடிக்கட்டும் என்று காத்து நிற்கிறான். தொழில்நுட்பம் போதவில்லை என்று இதற்குக் காரணம் சொன்னால் யார் நம்புவார்கள்? பணம் வரும் வழியை முதலில் போட்டார்கள். ஜனங்கள் போகும் வழி பின்னால் வருகிறது.

பாலத்துக்கு அனுமதி கிடைத்தது 2019-ல். நகரத்துக்குத் தெற்கே தபாகா என்ற இடத்தில் கட்டுவதாகத் திட்டம். நீளம் 3 கிலோ மீட்டருக்கு மேல். ஐஸ் மோதும் ஆற்றில் தூண்களை நெருக்கமாக நடுவது ஆபத்து. அதனால் உயரமான கோபுரங்களிலிருந்து இரும்பு வடங்கள் தாங்கும் பாலம். 2028-ல் முடிக்க உத்தேசம். இதில் லாரியும் காரும்தான் போகும்; ரெயில் போகாது.

காலதாமதம் இனி முன்னைப்போல் சின்ன விஷயம் அல்ல. வடதுருவப் பகுதி, உலகத்தின் மற்றப் பகுதிகளைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறி வருகிறது. 2021 கோடையில் யாகுட்டியாவின் காடுகள் லட்சக்கணக்கான ஹெக்டேர் எரிந்தன. புகை வடதுருவம் வரை போயிற்று. குளிர் தாமதித்து வந்தால் பனிச்சாலை தாமதித்துத் திறக்கும். வெயில் முந்தி வந்தால் முந்தி மூடும். காசு செலவில்லாமல் இயற்கை போட்டுக் கொடுத்த சாலையின் ஆயுள் குறைகிறது. உறைந்த மண் இளகுவதால், தூண்மேல் நிற்கும் கட்டிடங்களிலும் விரிசல் விழுகிறது. அதே மண்ணில்தான் பாலத்தின் காலையும் ஊன்ற வேண்டும்.

ஆற்றின் முகத்துவாரம் அருகே டிக்ஸி என்ற துறைமுகம் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே 11,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இப்போது அதில் பாதிகூட இல்லை. சோவியத் அரசு போன பிறகு வேலை போயிற்று. வேலையோடு ஜனங்களும் போனார்கள். இருப்பவர்களுக்குச் சாமான்கள் கோடையின் சில மாதங்களில் ஆற்று வழியாகப் போக வேண்டும்.

பாலம் வரும் வரையில் யாகுட்ஸ்க் மக்கள் பழைய வழக்கப்படியே ஆற்றைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். அக்டோபர் வந்தால் படகுத் துறையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. உருளைக்கிழங்கு, மாவு, எண்ணெய், மருந்து எல்லாம் கடைசிப் படகு நிற்பதற்குள் அக்கரை போயாக வேண்டும்.