பொன் விகித பஜனை

பொன் விகிதத்தை மந்திரம்போல் உச்சரித்துவிட்டால் அழகு வந்து இறங்கிவிடும் என்று நம் ஓவிய விமர்சகர்களில் ஒரு சாரார் நம்புகிறார்கள். இவர்களுக்கு ல கொர்பூஸியே ஒரு ரிஷி. பொன் விகிதத்தை மனித உடலோடு பிணைத்த அவருடைய 'மாடுலர்' அளவுமுறை வேதம்.

வேதத்தின் மூலத்தைப் பார்க்கலாம். முதலில் அவர் எடுத்துக்கொண்டது 175 சென்டிமீட்டர் உயர மனிதனை. அங்குலமாக மாற்றினால் எண்கள் ஒழுங்காக வரவில்லை. 1946இல் ஆள் 6 அடியாக வளர்ந்துவிட்டான். ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் லட்சணமான ஆண்கள் எப்போதும் 6 அடி என்பது சொல்லப்பட்ட நியாயம். பிரபஞ்ச இசைவு பிறந்த கதை இது. ஆனாலும் மாடுலரின் தீர்வுகளைச் சந்தேகிக்கும் உரிமையைக் கொர்பூஸியே கைவிடவில்லை. சீடர்கள் கைவிட்டது அதைத்தான்.

சுவாமிமலை ஸ்தபதி, செய்யப்போகும் படிமத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்குகிறார். உத்தம தசதாலமானால் உயரம் 124 பாகம். ஒரு பாகம் ஓர் அங்குலம். படிமம் மாறினால் அங்குலமும் மாறும். அளவு அந்தப் படைப்புக்குள்ளிருந்தே வருகிறது.

இதையும் வேதமாக்கிவிட வேண்டாம். அதே 124 பாகத்தைப் பிசகாமல் பின்பற்றிய உயிரற்ற நடராஜர்கள் எத்தனையோ. ஒரு பகுதி இன்னொன்றைத் தாங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பதுதான் விகித உணர்வு. பார்க்க மறுத்து அளவை மட்டும் ஒப்பிக்கிறவர்களுக்கு மேஸ்திரியின் நாடா போதும், விமர்சனம் எதற்கு?