நடுநிலை என்னும் பாசாங்கு: கொசோவோவும் ஆயுதத் தடையும்

ஓர் இனச் சிக்கல் குருதிக்களரியாக மாறுகின்றபோது உலக அரங்கிலே முதலில் எழும் குரல் 'ஆயுத விற்பனையை நிறுத்துக' என்பதாகும். இக்குரலை மறுத்துரைப்போர் அரியர். ஆயுதம் குறைந்தால் சாவு குறையும் என்பது எவருக்கும் விளங்கக்கூடிய கணக்கு. எனவே, பாதுகாப்புச் சபை ஒரு நாட்டின்மீது ஆயுதத் தடை விதித்ததும் நீதி தன் முதலடியை எடுத்து வைத்துவிட்டது என்று மகிழ்வோர் நம் மத்தியிலும் உளர். நமது கருத்தரங்குகளிலே இவ்வெண்ணம் ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகவே பேசப்பட்டு வருகின்றது.

இக்கட்டுரை அவ்வெண்ணத்தை மறுத்தே எழுதப்படுகின்றது. ஆயுதத் தடை தீயது என்பது என் வாதமன்று. அரசியல் நீதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆயுதத் தடை, ஏற்கெனவே சாய்ந்து நிற்கும் தராசை அச்சாய்விலேயே பூட்டி வைக்கின்றது என்பதும், காலம் கடந்து வரும் இராசதந்திரம் எந்த வன்முறையைத் தடுக்க வந்ததாகக் கூறிக்கொள்கின்றதோ அதற்கே பரிசளிக்கின்றது என்பதுமே என் வாதம். இதற்குக் கொசோவோவைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

1974 ஆம் ஆண்டு யூகோஸ்லாவிய அரசியலமைப்பு, சேர்பியக் குடியரசினுள் அடங்கிய கொசோவோவுக்கு விரிந்த தன்னாட்சியை வழங்கியது. அதற்கு நான்காண்டுகள் முன்னரே, 1970 இல், அல்பேனிய மொழியிலும் கற்பிக்கும் பல்கலைக்கழகம் பிரிஷ்டினாவிலே நிறுவப்பட்டிருந்தது. அப்பல்கலைக்கழகமே பின்னைய வரலாற்றின் அச்சாணியாக அமைந்தது என்பது இங்கு கவனிக்கற்பாலது. 1981 மார்ச்சில் மாணவர் உணவுச்சாலையிலே, உணவின் தரத்தையும் விடுதி நெருக்கடியையும் எதிர்த்துத் தொடங்கிய ஆர்ப்பாட்டம், சில வாரங்களுள் கொசோவோவுக்குக் குடியரசு அந்தஸ்துக் கோரும் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து படைகளை அனுப்பியது; பல்கலைக்கழகத்தினுள் களையெடுப்புத் தொடங்கியது.

1989 மார்ச்சில் அத்தன்னாட்சி பறிக்கப்பட்டது. கவச வாகனங்கள் வீதிகளிலே நின்றிருக்கக் கொசோவோச் சட்டசபை தன் அதிகாரங்களைத் தானே துறந்து வாக்களித்தது. அதே ஆண்டு ஜூன் 28 இல், 1389 ஆம் ஆண்டுக் கொசோவோப் போரின் அறுநூறாவது ஆண்டு நிறைவிலே, ஸ்லொபொதான் மிலோசெவிச் பெருந்திரளான சேர்பிய மக்கள் முன் முழங்கினார். அறுநூறாண்டு பழைய தோல்வியொன்றின் நினைவு, வாழும் மக்களின் உரிமையை மறுப்பதற்கு ஆதாரமாக்கப்பட்டது. தொடர்ந்து அல்பேனியர் பெருந்தொகையாக அரச பணிகளிலிருந்து நீக்கப்பட்டனர். 1991 இல் பல்கலைக்கழகத்தின் கதவுகள் அல்பேனிய மொழிக் கல்விக்கு அடைக்கப்பட்டன.

இதற்கு அம்மக்கள் அளித்த விடை யாது? இலக்கிய ஆய்வாளரும் கொசோவோ எழுத்தாளர் சங்கத்தின் தலைவருமான இப்ராகிம் ருகோவாவின் தலைமையிலே அவர்கள் வன்முறையை விலக்கினர். தனியார் வீடுகளிலும் கீழ்த்தளங்களிலும் வகுப்புகளை நடத்தினர்; தமக்கெனப் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் வரி அறவிடும் முறையையும் அமைத்தனர். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் ஒரு சமுதாயம் முழுவதும் ஆயுதமின்றி எதிர்த்து நின்ற அரிய நிகழ்ச்சி இது.

அப்பத்தாண்டிலே உலக இராசதந்திரம் என்ன செய்தது? 1992 டிசெம்பரில் அமெரிக்க சனாதிபதி புஷ் மிலோசெவிச்சுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பினார். 1995 நவம்பரில் டேய்ற்றன் நகரிலே பொஸ்னியப் போருக்கு முடிவு காணப்பட்டபோது கொசோவோ நிகழ்ச்சி நிரலிலேயே இடம்பெறவில்லை. துப்பாக்கி ஏந்தியோருக்கு மேசையிலே இருக்கை கிடைத்தது. புத்தகம் ஏந்தியோருக்கு வாயிலிலே நிற்கவும் இடமில்லை. கொசோவோ இளைஞர் இதிலிருந்து கற்ற பாடம் யாதென விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு வாயில் திறந்தே இருந்தது. 1996 செப்டெம்பர் முதலாந் திகதி, உரோமாபுரியின் சந்த் எஜிதியோ என்னும் கத்தோலிக்க பொதுநிலையினர் சமூகத்தின் முயற்சியால், ருகோவாவும் மிலோசெவிச்சும் கல்வி உடன்படிக்கையொன்றிலே கையொப்பமிட்டனர். அல்பேனிய மாணவரும் ஆசிரியரும் தம் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கும் மீள வேண்டும் என்பதே அதன் சாரம். அஃது ஏட்டிலேயே நின்றது. அதனை நிறைவேற்றுமாறு கோரி 1997 ஒக்ரோபர் முதலாந் திகதி பிரிஷ்டினா மாணவர் அமைதியாக ஊர்வலம் சென்றனர். பொலிசார் அவர்களை அடித்துக் கலைத்தனர். வல்லரசுகள் தம் செல்வாக்கைப் பயன்படுத்த வேண்டிய தருணம் அதுவே என்பேன். ஆயுதத் தடையும் வேண்டாம், குண்டுவீச்சும் வேண்டாம். கையொப்பமிட்ட ஒரு தாளை நிறைவேற்றுவித்தல் போதுமாயிருந்தது. அவ்வுடன்படிக்கையைச் செயற்படுத்தும் ஒழுங்குகள் 1998 மார்ச்சிலே, திரெனிட்சாப் பகுதியில் இரத்தம் சிந்தப்பட்ட பின்னரே, உடன்பாடு கண்டன. அதற்குள் காலம் கைநழுவிவிட்டது.

1997 இல் அயல்நாடான அல்பேனியாவிலே நிதி மோசடித் திட்டங்கள் சரிந்து அரசே நிலைகுலைந்தபோது, படைக்கலக் களஞ்சியங்கள் சூறையாடப்பட்டன. இலட்சக்கணக்கான சுடுகருவிகள் மக்கள் கைக்குப் போயின; அவற்றுள் ஒரு பகுதி மலைப் பாதைகள் வழியே கொசோவோ விடுதலைப் படையை அடைந்தது. 1998 பெப்ரவரி இறுதியிலும் மார்ச்சுத் தொடக்கத்திலும் திரெனிட்சாவில் சேர்பியப் படைகள் நடத்திய தாக்குதல்களிலே, பெண்களும் குழந்தைகளும் உட்பட, எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1998 மார்ச் 31 இல் பாதுகாப்புச் சபை 1160 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன. சீனா வாக்களிப்பினின்றும் விலகியது. ஐக்கிய நாடுகள் சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ், கொசோவோ உட்பட யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஆயுதங்கள் வழங்குதல் தடை செய்யப்பட்டது. கொசோவோவுக்குக் கூடிய அளவு தன்னாட்சி வேண்டுமென்றும் தீர்மானம் கூறியது.

இத்தடையை நுணுகி நோக்குவோம். ஒருபுறம், முழுமையான இராணுவத்தையும், கிராகுயெவாட்ஸ் நகரின் சஸ்தாவா போன்ற சொந்த ஆயுதத் தொழிற்சாலைகளையும் கொண்ட ஓர் அரசு. மறுபுறம், கழுதைகளின் முதுகிலே துப்பாக்கி கடத்தும் ஒரு கரந்துறைப் படை. இவ்விருவருக்கும் 'சமமாக' விதிக்கப்பட்ட தடை எவ்வகையிற் சமமாகும்? களஞ்சியம் நிறைந்தவனுக்கும் பானை வெறுமையானவனுக்கும் ஒரே நாளிற் சந்தையை மூடுவதை நடுநிலை என்று எவரும் சொல்லார். அத்தடையைக் கண்காணிக்க விரிவான ஏற்பாடு செய்யத் தம்மிடமுள்ள நிதி இடந்தராது எனச் செயலாளர் நாயகமே அறிவிக்க நேர்ந்தது. ஆக, அரசுக்கு அத்தடை தேவையற்றது. கிளர்ச்சியாளருக்கு அது ஓட்டையுடையது. இடையில் நின்ற குடிமக்களுக்கோ அதனால் விளைந்த பயன் ஏதுமில்லை.

இதனை அறியாமையால் விளைந்த தவறென்று மன்னித்துவிடவும் இயலாது. 1991 செப்டெம்பரில் 713 ஆம் தீர்மானத்தின் மூலம் யூகோஸ்லாவியா முழுவதற்கும் இதே மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. 1992 மே மாதத்தில் பொஸ்னியா ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடாகிய பின்னரும் அத்தடை அதன்மீது தொடர்ந்தது. பழைய கூட்டாட்சி இராணுவத்தின் கனரக ஆயுதங்களோ பெரும்பாலும் சேர்பியத் தரப்பிடம் இருந்தன. 1993 ஜூனில் பொஸ்னியாவுக்குத் தடையை நீக்கும் பிரேரணை ஆறு வாக்குகள் மட்டுமே பெற்றுத் தோற்றது. ஒன்பது நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. ஈராண்டுகளின் பின், 1995 ஜூலையில், ஐக்கிய நாடுகள் சபையே பாதுகாப்பு வலயமெனப் பெயரிட்ட சிரெப்ரெனிட்சாவில் ஏறத்தாழ எண்ணாயிரம் ஆண்களும் சிறுவரும் கொல்லப்பட்டனர். மூன்றாண்டு கழியுமுன் அதே மருந்தை அதே நிலத்தில் மீண்டும் எழுதிக்கொடுத்தோரை என்னென்பது!

'அப்படியாயின் ஆயுதம் கொடுத்திருக்க வேண்டுமா?' என்று வினவுவோர்க்கு விடை கூறுதல் கடன். இல்லை. தடை எனும் கருவியையன்று, அக்கருவியையே தீர்வாகக் காட்டும் பாசாங்கையே நான் எதிர்க்கின்றேன். 1989 இல் பறிக்கப்பட்டதை 1998 இல் 'கூடிய அளவு தன்னாட்சி' என்ற மங்கலான சொற்றொடரால் திருப்பித் தருவோம் என்றனர். பறிக்கப்பட்ட அன்றே அதனைக் கேட்டிருந்தால், தன்னாட்சி ஒரு தீர்வாயிருந்திருக்கும். ஒன்பதாண்டு அவமதிப்பின் பின், சவக்குழிகள் தோண்டப்பட்ட பின், அச்சொல்லை ஏற்பார் அல்பேனியருள் அருகினர். சேர்பியரும் 1998 ஏப்ரிலில் நடந்த மக்கள் தீர்ப்பிலே அந்நிய மத்தியஸ்தத்தைப் பெரும்பான்மையாக நிராகரித்தனர். உரிய காலத்திற் கொடாத உரிமை பின்னர் எத்தரப்புக்கும் போதியதாவதில்லை.

'ஆயுதம் எடுத்ததனாலன்றோ உலகம் திரும்பிப் பார்த்தது?' என மறுதரப்பார் கூறுவர். நிகழ்ந்ததை விவரிக்கும் அளவில் அக்கூற்று மெய்யே. ஆனால் அதனை ஒரு கொள்கையாக உயர்த்துவோர் அதன் முழு விலையையும் எண்ணிப் பார்க்கட்டும். ரம்புயேப் பேச்சுகள் முறிந்த பின், பாதுகாப்புச் சபையின் அங்கீகாரமின்றி, 1999 மார்ச் 24 இல் நேட்டோ தொடங்கிய குண்டுவீச்சு 78 நாள்கள் நீடித்தது. அந்நாள்களில் ஏறத்தாழ எட்டரை இலட்சம் அல்பேனியர் சேர்பியப் படைகளால் நாட்டைவிட்டு விரட்டப்பட்டனர். அவர்கள் மீண்டபோது, சேர்பியரும் ரோமா மக்களும் பழிவாங்கலுக்கு அஞ்சி ஓடினர். 2004 மார்ச்சுக் கலவரங்களிலே பத்தொன்பது பேர் மாண்டனர். சேர்பியத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. விரட்டப்பட்டவன் விரட்டுபவனாக மாறுதல் விடுதலையின் இலக்கணமன்று.

2008 பெப்ரவரி 17 இல் கொசோவோ சுதந்திரப் பிரகடனம் செய்தது. அதனை எதிர்த்துக் கவலை தெரிவித்த அரசுகளுள் இலங்கை அரசும் ஒன்று; அச்செயல் ஐக்கிய நாடுகள் சாசனத்துக்கு முரணானது என்றும், ஆபத்தான முன்னுதாரணம் ஆகும் என்றும் அது கூறியது. 1989 இல் தன்னாட்சி பறிக்கப்பட்டதை முன்னுதாரணமாகக் கண்டு அஞ்சிய அரசுகள் எத்தனை? முடிவைக் கண்டு நடுங்குவோர் தொடக்கத்தைக் காணக் கண்ணிலராயினர். 2010 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், அப்பிரகடனம் சர்வதேசச் சட்டத்தை மீறவில்லை என ஆலோசனைக் கருத்து வழங்கியது. எனினும் சிக்கல் அவிழவில்லை. 2013 பிரசல்ஸ் உடன்படிக்கையின்படி கொசோவோச் சேர்பியருக்கென அமைய வேண்டிய நகரசபைகளின் ஒன்றியம் இன்றும் அமைந்தபாடில்லை. நேற்றுத் தன்னாட்சி கேட்டவர் இன்று அதனை மறுக்கின்றனர். நேற்றுப் பறித்தவர் இன்று அதனைக் கோருகின்றனர். பிரிஷ்டினாவின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகங்களும் இன்று இரண்டு: ஒன்று பிரிஷ்டினாவிலே அல்பேனிய மொழியிற் கற்பிக்கின்றது; மற்றையது வட மித்ரோவிட்சாவிலே சேர்பிய மொழியிற் கற்பிக்கின்றது. ஒரே உணவுச்சாலையில் உண்டிருக்க வேண்டிய மாணவர் ஒருவர் முகத்தை ஒருவர் அறியார்.

ஆகவே, ஆயுதத் தடை கோரி எழும் குரலோடு மூன்று கோரிக்கைகளை இணைத்தே நாம் பேசுதல் வேண்டும். முதலாவது, தடை விதிக்கப்படும் நாளில் இருதரப்பின் கையிலும் இருப்பது யாதெனக் கணக்கிடப்படல் வேண்டும். குடிமக்களைக் காக்கும் பொறுப்பு அக்கணக்கிலிருந்தே எழும். இரண்டாவது, 'கூடிய அளவு' போன்ற மழுப்பலின்றி, மீளளிக்க வேண்டிய உரிமைகள் பெயர் சுட்டிக் காலவரையறையோடு கூறப்படல் வேண்டும். மூன்றாவதும் முதன்மையானதும், வன்முறை வெடிக்குமுன் கையொப்பமிடப்படும் சிறிய உடன்படிக்கைகள், வெடித்த பின் எழுதப்படும் பெரிய தீர்மானங்களிலும் உயர்வாக மதிக்கப்படல் வேண்டும்.

1996 இன் கல்வி உடன்படிக்கையை நிறைவேற்றுவிக்க எந்த நாடும் ஒரு விமானத்தையேனும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. வகுப்பறைக் கதவுகளின் திறவுகோல்களை மாணவரிடம் கொடுப்பித்தாற் போதுமாயிருந்தது. அதைச் செய்யாதோர் பின்னர் விதித்த தடையை நடுநிலை என்று போற்ற, பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம் இசைதல் தகாது.