நரைத்த பின்னும் கண்ணாடி பார்க்கலாம்



பெருநாள் நெருங்கும் நாட்களில் இராஜபாளையத்துக் கடைவீதிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதிக்கும் நாம் சென்று வருவது வழக்கம். அறுபதைக் கடந்த பெண்ணொருத்தி ஃபேன்சி ஸ்டோரில் முகப்பூச்சு கேட்டால், "மகளுக்கா, பேத்திக்காம்மா?" என்றே கடைப்பிள்ளை வினவுகிறான். "எனக்குத்தான் தம்பி" என்றால் சுருக்கம் நீக்கும் களிம்பையும் கருஞ்சாயத்தையும் எடுத்து வைக்கிறான். வீடு திரும்பினால், "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்ற கேள்வி காத்திருக்கிறது. முதுமை பழுதென்கிறது கடை. முதுமைக்கு அழகே வேண்டாம் என்கிறது வீடு. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் வயது முதிர்ந்த தந்தை அபூ குஹாஃபா அவர்கள் அழைத்து வரப்பட்டார்கள். அவர்களின் தலையும் தாடியும் வெளுத்திருந்தன. அந்நிறத்தை மாற்றும்படியும் கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். முதிர்ந்த வயதில் தோற்றத்தைப் பேணுவது இழிவாகாது. இளமை வேடம் புனைய வேண்டியதும் இல்லை என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். முதிய பெண்களுக்கு ஆடையில் சலுகை தரும் அந்நூர் அத்தியாயத்தின் 60ஆம் வசனம், அலங்காரத்தை வெளிக்காட்டலாகாது என்ற எல்லையையும் சேர்த்தே வகுக்கிறது. ஆகவே நம் ஒப்பனை வீட்டாருக்கும் பெண்கள் கூடும் அவைக்கும் உரியது.

சந்தையோ இளமையையும் வெண்மையையுமே அழகென்று விற்று வந்திருக்கிறது. 1975இல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி', கடும் கண்டனங்களுக்குப் பின் 2020இல்தான் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. 'முதுமை எதிர்ப்பு' என்ற சொல்லை இனிப் பயன்படுத்துவதில்லை என்று அமெரிக்காவின் 'அல்யூர்' இதழ் 2017இல் அறிவித்து, எழுபதைக் கடந்த நடிகை ஹெலன் மிர்ரனை அட்டையில் வெளியிட்டது. நம் ஊர்க் கடை அலமாரியிலோ அச்சொல் இன்றும் பளபளக்கிறது.

இந்த அச்ச வணிகத்தால் பணம் மட்டுமன்று, உடல்நலமும் பறிபோகலாம். முறையான விவரச்சீட்டு இல்லாத வெண்மைக் களிம்புகளைப் பூசியவர்களிடம் சிறுநீரக நோய் காணப்பட்டதாகக் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலிருந்து 2023இல் செய்தி வந்தது. அத்தகைய களிம்புகளில் கலக்கப்படும் பாதரசமே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கல் சுர்மா சிலவற்றில் ஈயம் உண்டு. 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் இருப்பது பிபிடி என்னும் சாயப்பொருள். அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும்.

ஆகவே வாங்கும் முன் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சேர்மானங்கள், காலாவதி நாள் ஆகியவற்றைப் பாருங்கள். எழுத்து பொடியாக இருந்தால் கடைப்பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது நம் உரிமை. புதிய பூச்சையோ சாயத்தையோ முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, இரண்டு நாள் பொறுத்திருங்கள். வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய்ப்பசை குறையும். அத்தோலில் பவுடரை அப்பினால் அது சுருக்கங்களில் படிந்து அவற்றையே எடுத்துக்காட்டும். ஈரப்பசை தரும் களிம்பை முதலில் தடவி, தேவையெனில் அதன்மேல் மெல்லிய பூச்சு போதும். உதட்டுக்கும் உலர்ந்த சாயத்தினும் பசையுள்ளது நலம். ஐவேளை உளூச் செய்யும் நமக்கு எளிதில் கழுவத்தக்கதே ஏற்றது. நீர் புகாத நகப்பூச்சு உளூவுக்குத் தடையாகும். கைக்கும் நரைக்கும் தோட்டத்து மருதாணி இலையை அரைத்து இடுவதைவிடச் சிறந்தது எது?

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இம்முறை பெருநாள் துணி எடுக்கும்போது, "அம்மா, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் தயங்கிச் சொல்லும் சிறு பொருளைக் கேட்டு நகைக்காதீர்கள். உங்களை வளர்த்த ஆண்டுகளே அந்த முகத்தின் சுருக்கங்கள். அவற்றுடனேயே அவர் அழகாக இருக்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நலமான முதுமையைத் தந்தருள்வானாக. ஆமீன்.